பேராதனையா, தெஹிவளையா, சிங்கராஜவா: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

லீவு வந்ததும் வான் பிடித்து தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு ஓடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே பிரெட்ரிக் கோட்டைக்குள் போனால் புள்ளிமான் பக்கத்திலேயே மேயும், கோணேசர் கோயில் வழியில் குரங்கு, ஹபரணை ரோட்டில் அதிர்ஷ்டம் இருந்தால் யானை. மிருகம் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. ஆனால் எங்களுடையது பாலை மரமும் வீரை மரமும் நிற்கிற உலர்வலயக் காடு, ஈரவலயத்து மரங்களை இங்கே காட்ட முடியாது.

அதனால் என் முதல் தெரிவு கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைத் தாவரவியல் பூங்கா. 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது, அந்தத் தண்ணீர்தான் கடைசியில் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள். இரட்டைத் தென்னையைத் தவறவிடாதீர்கள்: உலகிலேயே கனமான விதை அதனுடையது, காய் முற்றவே ஆறேழு வருடம் எடுக்கும். பிறகு பிரித்தானிய அரசரான ஐந்தாம் ஜோர்ஜும் ராணி மேரியும் 1901இல் நட்ட நாகலிங்க மரமும் நிற்கிறது. பூ கிளை நுனியில் இல்லை, அடிமரத்திலிருந்தே புறப்படுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் படமெடுத்த பாம்பு போல ஒரு மூடி, அதற்குக் கீழே சின்ன லிங்கம். அப்புறம் இராட்சத மூங்கில், மழைக்காலத்தில் ஒரே நாளில் ஒரு அடி வரை வளரும். பெரிய மரங்களில் பழவௌவால்கள் பகலிலும் சத்தம் போட்டபடி தொங்கும். நடக்கவும் சுகம், அம்மம்மாவையும் கூட்டிப் போகலாம்.

ஆனால் பேராதனை நட்டு வளர்த்த தோட்டம். உண்மையான மழைக்காடு வேண்டுமென்றால் சிங்கராஜ, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையான இடம். குடாவ வழியாகவோ தெனியாய வழியாகவோ நுழையலாம், வழிகாட்டி கட்டாயம். பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாய் இரை தேடிக்கொண்டு தலைக்கு மேலே கடந்து போவதை வேறெங்கும் இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது கஷ்டம். அட்டை கடிக்கும், காலுக்குச் சவர்க்காரம் தேய்த்து நீளக் காலுறை போடுங்கள். திருமலையிலிருந்து போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் சரிவராது. மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது.

தெஹிவளையா? கொழும்பில் வேறு அலுவல் இருந்தால் போய்ப் பாருங்கள், சிங்கம் கேட்கிற குழந்தைக்கு அது போதும். அதற்கென்று தனியாக வான் காசு கட்டாதீர்கள். அந்தக் காசில் கண்டியில் ஒரு இரவு தங்கி, பேராதனை திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் பாதித் தோட்டம் பார்த்துவிடலாம்.