மருந்து ஜன்னலில் ஒரு முடிச்சு

லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வையைக் கெடுக்கும் கிளாக்கோமா, சொட்டு மருந்துக்கும் லேசருக்கும் அடங்கவில்லை. அதனால் உள்ளே இருக்கும் நீரை வடிக்கக் கண்ணில் குழாய் வைத்தார்கள். அது நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மருந்து வாங்கப் போனதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

விடிவதற்குள் டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த்திலிருந்து கிளம்பி, கார்டைக் கொடுத்து, பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து... நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பத்தரைக்கு எங்கள் முறை வந்தது. ஜன்னலில் இருந்தவர் வீக்கத்துக்கான சொட்டை மட்டும் தள்ளினார். கண் பிரஷரைக் குறைக்கும் சொட்டு எங்கே என்றேன். குழாய்தான் வைத்தாகிவிட்டதே, இனி எதற்கு என்றார்.

எனக்கு வயிறு கலங்கியது. அம்மாவுக்கு வைத்தது வால்வு இல்லாத வகை. உடனே திறந்துவிட்டால் கண்ணுக்குள் இருக்கும் நீர் மளமளவென்று வடிந்து கண் தளர்ந்துபோகும். அதனால் குழாயை நூலால் இறுகக் கட்டிவிடுகிறார்கள். நூல் தானாகக் கரைய ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குள் குழாயின் முனையில் இருக்கும் தகட்டைச் சுற்றி ஓர் உறை வளர்ந்து, பிறகு வரும் நீரைத் தாங்கிக்கொள்ளும். அதுவரை சொட்டுதான் காவல். 21-க்குள் இருக்க வேண்டிய பிரஷர் அம்மாவுக்கு 34. போன பார்வை திரும்பாது.

கேப் டவுனில் இருந்த ஆன்டனி மோல்டெனோ 1969-லேயே தகடும் குழாயுமான இந்த வைத்தியத்துக்கு வழி திறந்தவர். அவர் பிறந்த நாட்டிலேயே இப்படியா என்று குரல் உயர்ந்துவிட்டது. லண்டனிலும் மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள்தான். ஆனால் எதை நிறுத்தணும், எதைத் தொடரணும் என்று தாளில் எழுதித் தருவார்கள்.

"விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அம்மா கையைப் பிடித்தார்.

அப்போதுதான் அந்த ஜூலு சிஸ்டர் வந்தார். ஃபைலைப் புரட்டி டாக்டரின் குறிப்பைப் படித்தார். ஒரு டிரிப் குழாயில் நூலைக் கட்டி, "இப்ப தண்ணி போகுமா, கோகோ?" என்று அம்மாவிடம் கேட்டார். பாட்டியைக் கூப்பிடுவதுபோல அவ்வளவு பிரியமாக. ஜன்னல்காரரும் எட்டிப் பார்த்தார். இரண்டு பாட்டில் பிரஷர் சொட்டு வந்தது. லண்டனில் எனக்கு யாரும் இவ்வளவு பொறுமையாக எதையும் விளக்கியதில்லை.

நூல் கரையும் வாரத்தில் நான் ஊரில் இருக்க மாட்டேன். அப்போது கண் வலித்தாலோ மங்கினாலோ வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வரும்படி சிஸ்டர் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா அதைச் சாமி படத்துக்கு அடியில் வைத்திருக்கிறார்.