விண்டர் கோர்ஸில் சேரப் போகிறீர்களா? டிராப் (விலகல்) தேதியை முதலில் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) போகிறவர்கள், அதிலும் நர்சிங்குக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களை இரண்டு செமஸ்டருக்கு நடுவே வரும் குறுகிய விண்டர் வகுப்பில் தட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜனவரியில் ஐந்து வார ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தேன். நான்கு யூனிட், அதாவது நான்கு கிரெடிட். செமஸ்டர் முழுக்க நடத்த வேண்டிய 72 மணி நேரப் பாடத்தை ஐந்து வாரத்தில் அமுக்குகிறார்கள். திங்கள் முதல் வியாழன் வரை தினமும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வகுப்பு. அது தெரிந்துதான் சேர்ந்தேன், அதில் புகார் இல்லை.

சேரும்போதே கவுன்டரில் கேட்டேன், எதுவரை விலகலாம் என்று. "முதல் ரெண்டு வாரத்துக்குள்ள டிராப் பண்ணினா முழுப் பணமும் வந்துடும்" என்ற பாணியில்தான் பதில். அது நீண்ட செமஸ்டருக்கான கணக்கு! குறுகிய வகுப்புக்குப் பணம் திரும்பக் கிடைப்பது மொத்த வகுப்பில் முதல் பத்து சதவீதம் வரைதான். ஐந்து வார வகுப்பில் அது திங்கள், செவ்வாயோடு சரி.

அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது? ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கடைசிவரை 'ஸ்டாஃப்' என்றுதான் இருந்தது. யாரையோ அவசரமாகப் போட்டார்கள். முதல் நாள் அறிமுகம் முடிந்ததும் சீக்கிரம் விட்டுவிட்டார், செவ்வாய் வகுப்பு ரத்து. சிலபஸ் கைக்கு வந்ததே புதன்கிழமை. ஹோம்வொர்க், குவிஸ் எல்லாம் வெளி நிறுவனத்தின் தளத்தில், அதற்குள் நுழைய வேண்டிய ஆக்சஸ் கோடு தனியாக நூறு டாலருக்கு மேல் என்று அப்போதுதான் தெரிந்தது. யூனிட்டுக்கு 46 டாலர் வீதம் கோர்ஸே 184 டாலர்தான். அந்த ஆக்சஸ் கோடு ஒருமுறை பயன்பட்டுவிட்டால் அந்தப் பணமும் திரும்பாது.

தளமாவது ஒழுங்காக இருந்ததா? ஒரு கணக்கில் விடையாக வரும் பி-வேல்யூவை (ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ஒரு நிகழ்தகவு எண்) 0.034 என்று போட்டால் தவறு என்று சிவப்புக் குறி. 0.0344 வேண்டுமாம். எத்தனை தசமம் என்று கேள்வியில் எங்கும் இல்லை. மெயில் போட்டால் வாரக்கடைசி தாண்டித்தான் பதில் வரும். செமஸ்டரில் இது பெரிய விஷயமில்லை. இங்கே அதற்குள் அந்த அத்தியாயத்தின் தேர்வே முடிந்துவிடும். இரண்டாம் வாரம் மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறை வேறு. அன்றைய பாடத்தையும் செவ்வாய்க்கிழமை தலையில் கட்டினார்கள்.

அந்த வாரமே விலகப் போனேன். பணம் வராது, பாதியில் விலகியதற்கான டபிள்யூ (W) குறியும் விழும் என்றார்கள். தேதி எல்லாம் காலேஜின் மாணவர் இணையதளமான போர்ட்டலில் இருக்கிறதாம். எங்கே? வகுப்பு எண்ணைத் தொட்டு உள்ளே போய், ஓரத்தில் இருக்கும் சின்னக் காலண்டர் படத்தைத் தொட்டால் இருக்கிறது. டபிள்யூ ஜிபிஏவை (சராசரி மதிப்பெண்ணை) தொடாது, ஆனால் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பட்டியலை, விட்டும் போகாது.

அதனால் அந்த வகுப்புக்கே உரிய தேதிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கவுன்டரில் வாயால் சொல்வதை மெயிலில் கேட்டு வாங்குங்கள். 'ஸ்டாஃப்' என்று இருந்தால் டிபார்ட்மென்ட்டுக்கே போன் போட்டு, யார் எடுக்கிறார், ஆக்சஸ் கோடு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். பரிசீலிக்க ஆறு வாரம் ஆகுமாம். கோர்ஸே ஐந்து வாரம்தான்!