கொழும்புக் காற்றும் எயார் றைபிளும்: ஏழு வருடப் பாவனைக்குப் பிறகு

என் றைபிளின் ரெகுலேற்றர் (சிலிண்டர் காற்றை ஒவ்வொரு வெடிக்கும் ஒரே அழுத்தத்தில் கொடுக்கிற பாகம்) இரண்டாவது தடவையாகத் திருத்தப்பட்டு வந்த கையோடு, சங்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, காற்றுச் சிலிண்டர் பூட்டின 10 மீற்றர் றைபிள் வாங்கவா, பக்கவாட்டு லீவரை இழுத்துக் காற்றடைக்கிற பழசு போதுமா?" நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். எடை, நீளம், அனுமதிப்பத்திரம், இறக்குமதி எல்லாம் கேட்பவருக்குத் தெரிந்தவை. அவற்றைத் தொடவில்லை.

சிலிண்டர் றைபிளின் நல்லதை முதலில் சொல்லவேண்டும். தெஹானி எகொடவெல 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டது 10 மீற்றர் எயார் றைபிள் போட்டியில்தான். அந்தப் போட்டிக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது. சுடும்போது தோளில் உதை என்று சொல்ல எதுவுமில்லை. லீவர் இழுக்கத் தேவையில்லாததால் இடது முழங்கை இடுப்பில் ஊன்றிய இடத்திலேயே இருக்கும். அறுபது வெடியும் ஒரே நிலையில் நின்று சுடலாம். பெலற் (எயார் றைபிளின் ஈயக் குண்டு) விடயத்தில் எதிர்பாராத சந்தோஷமும் உண்டு. 4.49, 4.50, 4.51 மில்லிமீற்றர் தலை அளவுகளில் ஒவ்வொரு டின் எடுத்து, றைபிளைக் கவ்வியில் இறுக்கி, 10 மீற்றரில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். ஒரு அளவு, பத்தையும் ஐந்தரை மில்லிமீற்றருக்குள் ஒரே ஓட்டையாகப் போடும். அடுத்தது, அதே கம்பனி, அதே 0.53 கிராம், ஏழு மில்லிமீற்றருக்குச் சிதறும். அந்த ஒரு பின்னேரச் சோதனை தருகிற புள்ளியை விலை கூடிய எந்த உதிரிப்பாகமும் தராது.

இனிக் குறை. ஏழு வருடமாக ஒரே குறைதான்: தண்ணீர்.

கணக்கைப் பாருங்கள். 30 பாகை வெயிலில், 80 வீத ஈரப்பதனில், ஒரு கனமீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து மொட்டைமாடியில் இது சாதாரண நாள். 0.2 லீற்றர் சிலிண்டரைக் கைப்பம்பால் 70 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அளவு, வெளிக்காற்று ஏறக்குறைய 1 பார்) 200 பாருக்கு ஏற்ற 26 லீற்றர் வெளிக்காற்று வேண்டும். அதில் 0.6 கிராம் தண்ணீர், அதாவது பன்னிரண்டு சொட்டு. காற்றை எவ்வளவு நெருக்கினாலும், அந்தச் சிறிய இடத்தில் 30 பாகையில் ஆவியாக நிற்கக்கூடியது 6 மில்லிகிராம் மட்டுமே. மிச்சம் முழுவதும் எங்கேயாவது நீராக இறங்கத்தான் வேண்டும். பம்ப் பிடித்தால் பம்பில், பிடிக்காவிட்டால் சிலிண்டரில். வாரம் இரண்டு தடவை நிரப்புகிறவர் வருடத்துக்கு எவ்வளவு தண்ணீரை உள்ளே அனுப்புகிறார் என்று பெருக்கிப் பாருங்கள்.

உள்ளே போனது சும்மா இருக்காது. அலுமினியச் சிலிண்டரின் உட்சுவரில் வெள்ளைப் பூளையாகப் பிடித்து, பிறகு உதிர்ந்து வால்வுக்கு வரும். சிலிண்டரைக் கழற்றி அதன் வாயை விரலால் தொட்டுப் பார்த்தால் பல்லுத்தூள் மாதிரி ஒட்டும். ரெகுலேற்றருக்குள் அடுக்கியிருக்கும் கிண்ண வடிவ வில்லைகள் துருவேறி ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். அதற்குப் பிறகு அழுத்தம் ஒரு வெடிக்கு ஒரு மாதிரி. செக்கனுக்கு 172 மீற்றர் வேகம் 165க்கு இறங்கினால் 10 மீற்றரில் பெலற் ஒன்றரை மில்லிமீற்றர் கீழே விழும். கால் மில்லிமீற்றருக்கு 0.1 புள்ளி போகிற விளையாட்டில் அது 0.6 புள்ளி. சுடுபவர் தன் மூச்சைக் குறை சொல்வார், ட்ரிகர் விரலைக் குறை சொல்வார், பயிற்றுநரும் அதையே சொல்வார். காரணம் ரெகுலேற்றரில் இருக்கும். காரணமில்லாமல் இலக்கின் கீழ்ப்பக்கம் ஒன்பதுகள் விழத் தொடங்கினால் முதலில் வேகமானியை (பெலற்றின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து இருபது வெடி அளந்து பாருங்கள். கொஞ்ச நேரம் சுடாமல் வைத்து எடுத்தபின் முதல் வெடி மட்டும் வேகமாகப் போனால் ரெகுலேற்றர் கசிகிறது என்று அர்த்தம்.

கைப்பம்போடு 'ஈரம் பிரிப்பான்' என்று எனக்கு விற்கப்பட்டதைத் திறந்தால் பஞ்சு அடைத்த ஒரு சிறு குழாய். விற்றவரைக் கேட்டால், எல்லாருக்கும் அதைத்தான் கொடுக்கிறாராம். பஞ்சு சொட்டைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. விடாமல் பம்ப் அடிக்கும்போது பம்ப் கொதிக்கும். சூட்டில் நீர் ஆவியாகவே பஞ்சைத் தாண்டிப் போய் சிலிண்டரில் ஆறி நீராகும். இதை ஒருவரும் வாங்கும்போது சொல்லித் தருவதில்லை. அதுதான் கோபம்.

செய்யக்கூடியவை இவை. ஏசி அறைக்குள் பம்ப் அடியுங்கள். 24 பாகை, 50 வீத ஈரப்பதன் என்றால் கனமீற்றருக்கு 11 கிராம்தான், பாதிக்கும் குறைவு. ஐம்பது அடிக்கு ஒருக்கா நிறுத்தி, கழிவு வால்வைத் திறந்து, பம்ப் கையில் பிடிக்கிற சூட்டுக்கு ஆறும்வரை பத்து நிமிடம் விடுங்கள். பம்ப் காற்றை உள்ளிழுக்கும் வாயில் 100 கிராம் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயைப் பூட்டினால் ஏசி அறையில் ஐம்பது அறுபது நிரப்பலுக்குத் தாங்கும். செம்மஞ்சள் மணிகள் பச்சையானதும் ஓவன் அடுப்பில் 120 பாகையில் மூன்று மணித்தியாலம் வைத்தால் திரும்ப வரும். குழாயின் முடிவில் கம்பளித் துணி வையுங்கள், ஜெல் தூள் பம்புக்குள் போனால் பிஸ்டனை அரித்துவிடும். பம்புக்கோ வால்வுக்கோ மெஷின் எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது. உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தானாகப் பற்றும். சிலிக்கன் கிறீஸ் மட்டும், அதுவும் ஓ-றிங் (காற்றுக் கசியாமல் அடைக்கும் றப்பர் வளையம்) மினுங்குகிற அளவுக்கு.

இவற்றையெல்லாம் விடச் சுகமான வழி, சுழியோடிகளின் 12 லீற்றர் சிலிண்டர். சுழியோடிக் கடையில் கேளுங்கள். மூச்சுவிடும் காற்று என்பதால் அதை வடிகட்டி உலர்த்தித்தான் நிரப்புவார்கள். ஒரு நிரப்பலுக்கு அதில் இரண்டு பார்தான் குறையும். ஆனால் 200 பாரில் வாங்கினால் முதல் நாளைக்கு மட்டுமே 200 கிடைக்கும், பிறகு படிப்படியாக இறங்கும். றைபிள் 150 பாரிலும் ஒழுங்காகச் சுடும், கவலை வேண்டாம். ஒட்சிசன் சிலிண்டரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பூட்டக்கூடாது.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க: 30 பார் மிச்சமிருக்கும்போது சிலிண்டரை வால்வு கீழே வரும்படி ஒரு இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் கறுப்புக் கடதாசிக்கு மேலே பிடித்து, காற்றுவிடும் திருகைக் கொஞ்சமாகத் திறவுங்கள். வெள்ளைப் புகை வந்தால் பயப்படத் தேவையில்லை, அது குளிரால் வருவது. கடதாசியில் சொட்டு விழுந்தால் சிலிண்டரைச் சோதிக்கக் கொடுக்கவேண்டும். சிலிண்டரின் பாவனைக் காலம் முடியும் திகதியையும் அப்போதே பாருங்கள். திகதி முடிந்ததைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது.

பெலற்றுக்கும் இதே காற்றுத்தான். ஈயத்தில் வெள்ளை பூத்தால் அந்த டின்னைப் பயிற்சிக்கும் எடுக்காதீர்கள். மர லாச்சிக்குள் வைக்கவேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும்.

இவ்வளவும் சொன்னபின், தம்பி, என் பதில்: லீவர் றைபிளை வாங்குங்கள். ஃபைன்வேர்க்பாவ் 603 மாதிரி ஒரே இழுவையில் காற்றை அடைக்கிற ஒன்று. ஒவ்வொரு வெடிக்கும் புதுக் காற்று, அதில் இருக்கிற ஈரமும் அந்த வெடியோடேயே குழலால் வெளியே போய்விடும். ரெகுலேற்றர் இல்லை, திகதி இல்லை, பம்ப் இல்லை. அறுபது தடவை இழுக்கத் தோள் நோகும், நிலை கலையும், முதல் வருடம் அதனால் சில புள்ளி போகும். போகட்டும். என்னுடைய சிலிண்டர் றைபிளை விலைக்குக் கேட்டால் தரமாட்டேன், அது வேறு கதை.

பழசு பார்க்கப் போகும்போது வேகமானி கொண்டுபோங்கள். லீவரை இழுத்து உடனே ஒரு வெடி, இழுத்து ஒரு நிமிடம் வைத்து ஒரு வெடி. இரண்டாவது வெடியின் வேகம் செக்கனுக்கு ஐந்து மீற்றருக்கு மேல் குறைந்தால் சீல் போயிருக்கிறது, அந்தக் காசைக் கழித்துத்தான் விலை பேசவேண்டும்.