சிடிஎல் பெர்மிட் தேர்வு: அரசு கையேடு போதுமா, செயலிக்குப் பணம் கட்ட வேண்டுமா?

அமெரிக்காவில் சிடிஎல் எனப்படும் வணிக ஓட்டுநர் உரிமம் எடுத்து டிரக் ஓட்ட நினைப்பவர் முதலில் தாண்ட வேண்டியது எழுத்துத் தேர்வு. அதில் தேறினால்தான் சிஎல்பி எனப்படும் பயிற்சி பெர்மிட் கிடைக்கும். இந்தத் தேர்வுக்கென்றே செயலிகளும் கேள்வித் தொகுப்புகளும் விலைக்கு வருகின்றன. ஆனால் தேர்வுக் கேள்விகளுக்கு அடிப்படையான புத்தகத்தை ஒவ்வொரு மாநில வாகனத் துறையும் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. காசு கொடுத்து வாங்கும் எதையும்விட அந்தக் கையேடே மேல். என்ன, அதை வரிசையாகப் படிக்கப் புகுந்தால் பாதியிலேயே அலுத்துவிடும். எதை, எந்த வரிசையில், எவ்வளவு ஆழமாகப் படிப்பது என்று தெரிந்துகொண்டு கையில் எடுக்க வேண்டும்.

எல்லா மாநிலங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி நூலைத்தான் பின்பற்றுகின்றன. அதனால் பகுதி எண்கள்கூடப் பெரும்பாலும் மாறுவதில்லை. கிளாஸ் ஏ உரிமத்துக்கு, அதாவது டிராக்டர் எனப்படும் இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த வண்டிக்கு, பெர்மிட் கட்டத்தில் வேண்டியவை 1, 2, 3, 5, 6 ஆகிய ஐந்து பகுதிகள். பயணிகள் வண்டி, இரட்டை டிரெய்லர், டேங்கர், அபாயப் பொருள், பள்ளிப் பேருந்து ஆகியவற்றுக்கான பகுதிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். 11 முதல் 13 வரை உள்ளவை பெர்மிட் வாங்கிய பிறகு வரும் செய்முறைத் தேர்வுக்கானவை. தடித்த புத்தகத்தைப் பார்த்து மலைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

தேர்வு மூன்று தாள்கள். வண்டி ஓட்டுவது பற்றிய பொது அறிவு பெரும்பாலான மாநிலங்களில் 50 கேள்விகள், ஏர் பிரேக் (காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக்) 25, கூட்டு வாகனம் 20. ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். அதாவது முறையே 40, 20, 16 சரியான விடைகள். ஒரு தாளில் கூடுதலாக எடுத்து இன்னொன்றின் குறையை ஈடுகட்ட முடியாது. ஏர் பிரேக் தாளைத் தள்ளிப்போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் உரிமத்தில் 'எல்' என்ற கட்டுப்பாடு விழும். ஏர் பிரேக் உள்ள எந்த வணிக வண்டியையும் ஓட்ட முடியாது. நெடுஞ்சாலையில் ஓடும் டிராக்டர் டிரெய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே ஏர் பிரேக் வண்டிகள்தான் என்பதால், அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு கிளாஸ் ஏ வேலைக்குப் போக அநேகமாக வழியில்லை.

கையேட்டிலேயே சிறப்பாக எழுதப்பட்ட பகுதி ஐந்தாவது. கம்ப்ரசர் எங்கே காற்றை அடைக்கிறது, கவர்னர் எப்போது அதை நிறுத்துகிறது, டேங்க் காலியானால் ஸ்பிரிங் பிரேக் ஏன் தானாகப் பிடிக்கிறது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகச் சொல்லிப்போகிறது. காரணம் புரிந்துவிட்டால் எண்கள் தானாக நிற்கும். காற்றுக் கசிவுச் சோதனையைப் பாருங்கள். டேங்க் முழுவதும் நிரம்பிய நிலையில் என்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு ஒரு நிமிடம் கேஜைக் கவனிக்க வேண்டும். தனி வண்டியில் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு), கூட்டு வண்டியில் 3 பிஎஸ்ஐ, அதற்குமேல் இறங்கக் கூடாது. அடுத்து பெடலை 90 பிஎஸ்ஐ அளவுக்கு மிதித்துப் பிடித்துக்கொண்டு, முதல் இறக்கம் அடங்கிய பின் இன்னொரு நிமிடம். இப்போது தனி வண்டிக்கு 3, கூட்டு வண்டிக்கு 4. டிரெய்லர் சேரும்போது குழாய்களும் இணைப்புகளும் கூடுகின்றன, கசிய இடமும் கூடுகிறது. பெடலை மிதித்தால் பிரேக் சேம்பர் வரை காற்று போகிறது, மறுபடி கசிய இடம் கூடுகிறது. இரண்டு முறையும் அளவு ஒவ்வொன்று ஏறுவதன் காரணம் இதுதான். நான்கு எண்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தவர்கள்தான் தேர்வறையில் 3 எதற்கு என்று தடுமாறுகிறார்கள். 3 இரண்டு இடத்தில் வருகிறதே.

கையேட்டின் பெரிய குறை, தொடர்புள்ள எண்கள் வெவ்வேறு மூலையில் சிதறிக் கிடப்பது. மணிக்கு 55 மைல் வேகத்தில் வண்டி நிற்க எவ்வளவு தூரம் ஆகும்? இரண்டாம் பகுதியில் தேடினால் 419 அடி. ஆபத்தைக் கண்டு மூளை உணர்வதற்குள் 142 அடி, கால் பெடலுக்குப் போவதற்குள் 61 அடி, பிரேக் பிடித்த பின் 216 அடி. ஐந்தாம் பகுதிக்கு வந்தால் அதே வேகத்துக்கு 450 அடிக்கு மேல் என்று இருக்கும். இரண்டும் சரியே. ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியே ஓடிச்சேர அரை நொடிக்கு மேல் ஆகிறது, அதற்குள் வண்டி இன்னும் 32 அடி ஓடிவிடுகிறது. எந்தத் தாளில் கேள்வி வருகிறது என்பதைப் பார்த்து விடை எழுத வேண்டும். புத்தகம் இந்த இரண்டு இடங்களையும் ஒரே அட்டவணையில் வைத்திருந்தால் எத்தனையோ பேருக்குக் குழப்பம் நேர்ந்திருக்காது. அது செய்யாததை நாம்தான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தாளில் ஏற வேண்டியவை இன்னும் சில: முன் டயரின் ஒவ்வொரு பள்ளத்திலும் குறைந்தது 4/32 அங்குல ஆழம், மற்ற டயர்களில் 2/32. ஸ்டீயரிங் தளர்வு 10 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. 20 அங்குலச் சக்கரத்தின் விளிம்பில் அது சுமார் 2 அங்குலம். முன்வண்டியுடன் இடைவெளி, வண்டி நீளத்தின் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு நொடி. வேகம் 40 மைலைத் தாண்டினால் ஒரு நொடி கூடுதல். ஆக, 60 அடி வண்டி 50 மைலில் போனால் 7 நொடி. சரக்கைக் கட்ட ஒவ்வொரு 10 அடிக்கும் குறைந்தது ஒரு கட்டு, சரக்கு எவ்வளவு சிறியதானாலும் இரண்டு கட்டு. சரக்கை முதல் 50 மைலுக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும், பிறகு 3 மணி நேரம் அல்லது 150 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது.

மலை இறக்கம் பற்றிய இடத்தை இரண்டு முறை படியுங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்குவது பலருக்கு ஊரிலிருந்தே வந்த பழக்கம். கையேடு சொல்வது வேறு. முதலில் சரியான கியர். பாதுகாப்பான வேகம் 40 மைல் என்றால், வண்டி 40ஐத் தொட்ட பிறகு அழுத்தமாகப் பிடித்து 35க்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். மறுபடி 40 வந்ததும் மறுபடி பிடிக்க வேண்டும். பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால்தான் டிரம் சூடேறி பிரேக் மங்குவது தவிரும்.

ஆறாம் பகுதியில் டிரெய்லரைக் கோக்கும் வரிசைதான் அடிக்கடி கேட்கப்படுகிறது. டிரெய்லர் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? டிராக்டர் அடியில் நுழையும்போது டிரெய்லர் சற்றே மேலெழும் அளவுக்கு. மிகத் தாழ்ந்திருந்தால் டிரெய்லரின் முகப்பு அடிபடும்; மிக உயர்ந்திருந்தால் ஒழுங்காகக் கோக்காது. கோத்த பின் ஃபிஃப்த் வீலின், அதாவது டிரெய்லரைத் தாங்கிப் பூட்டும் இணைப்பின், மேல், கீழ்த் தட்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி? கொஞ்சமும் கூடாது. பூட்டும் தாடைகள் கிங்பினின் (டிரெய்லரின் அடியில் நீட்டியிருக்கும் முளையின்) தலையை அல்ல, கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். இதைப் படம் பார்த்துப் படிக்க வேண்டும். கையேட்டுப் படங்கள் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் என்பதால் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒரு நல்ல காணொளி கூடுதலாக உதவும்.

இனி செயலிகள். தயாராகிவிட்டோமா என்று சோதித்துக்கொள்ள அவை நல்லவை. படிப்பதற்கு அல்ல. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்போது விடையின் இடம் மனதில் பதிகிறது, பொருள் பதிவதில்லை. தேர்வில் அதே கேள்வி வேறு சொற்களில் வந்தால் கை நிற்கும். இன்னொரு சிக்கல் பழைய எண்கள். காற்றழுத்தம் குறைவதை எச்சரிக்கும் விளக்கோ ஒலியோ எந்த அளவில் வர வேண்டும் என்பதற்குப் பழைய பதிப்புகள் 60 பிஎஸ்ஐ என்கின்றன, புதிய பதிப்புகள் பல 55 என்கின்றன. செயலி ஒன்றைச் சொல்லி, உங்கள் மாநிலக் கையேடு மற்றொன்றைச் சொன்னால் கையேட்டையே நம்புங்கள். முழுத் தொகையும் கட்டிய பிறகுதான் உங்கள் மாநிலத்துக்கான தொகுப்பு இருக்கிறதா என்று காட்டும் செயலியைத் தொடவே வேண்டாம்.

ஒவ்வொரு பகுதியிலும் வரும் சுயசோதனைக் கேள்விகளைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் அங்கே விடை அச்சிடப்பட்டிருக்காது. தெரியாவிட்டால் இந்த உட்பகுதிகளைத் திரும்பப் படி என்று மட்டும் இருக்கும். அதுதான் அதன் பலம். விடையை வாய்விட்டு முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும், ஆங்கிலத்திலேயே. வணிக ஓட்டுநர் சாலைப் பலகைகளைப் படிக்கவும் அதிகாரிகளிடம் பேசவும் போதிய ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. செய்முறைத் தேர்வும் ஆங்கிலத்தில்தான். தமிழில் புரிந்துகொள்வது நல்லது, ஆனால் பாகங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் பழகாமல் போகாதீர்கள்.

பெர்மிட்டுக்குக் குறைந்தது 18 வயது. மாநில எல்லை தாண்டி ஓட்ட 21. மருத்துவச் சான்றிதழ், குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புக்கான ஆவணம், இப்போதுள்ள உரிமம் ஆகியவற்றைத் தேர்வு நாளுக்கு முன்பே எடுத்து வையுங்கள். பெர்மிட் கிடைத்து 14 நாள் கழியாமல் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது. 2022 பிப்ரவரி 7 முதல், முதன்முறையாக கிளாஸ் ஏ எடுப்பவர்கள் செய்முறைத் தேர்வுக்கு முன் கூட்டரசுப் பதிவேட்டில் உள்ள பள்ளியில் பயிற்சி முடித்திருக்கவும் வேண்டும். பெர்மிட்டுக்கு அந்தப் பயிற்சி தேவையில்லை. அதனால் எழுத்துத் தேர்வுக்கே கட்டாயம் என்று சொல்லி யாராவது பயிற்சிக் கட்டணம் கேட்டால், பணத்தை நீட்டும் முன் உங்கள் மாநில வாகனத் துறையில் ஒருமுறை விசாரியுங்கள்.