சுடுநீர் அலுமாரிக்குள் தோசை மாவும் வைனும்: எட்டு வருட அனுபவம்

2017 செப்டெம்பரில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய சாமான் கடையில் 4 பவுணுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை வாங்கினேன். நான்கரை லீற்றர் பிடிக்கும். கழுத்தில் ஒரு விரல் மட்டும் நுழையக்கூடிய சின்னக் காது. இங்கே இதை டெமிஜான் என்பார்கள். ஏதாவது கொடி வளர்க்கலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். காசு வாங்கிய கிழவர் "வைன் போடப் போகிறாயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்துவிட்டது.

அதிலிருந்து எட்டு இலையுதிர்காலம் வைன் போட்டாயிற்று. ஆறு தடவை நன்றாக வந்தது, இரண்டு தடவை பிழைத்துப்போனது. லண்டனில் இருந்துகொண்டு இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த 4 பவுண் குடுவை முதல் வருடமே போய்விட்டது. கழுவுகிறேன் என்று கேத்தலில் கொதித்த தண்ணீரை நேராக ஊற்றினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அடி தனியாக, உடம்பு தனியாகக் கழன்று வந்தது. இது தடித்த கண்ணாடி என்றாலும் சூடு தாங்குகிற கண்ணாடி இல்லை. இப்போது இருப்பது இரண்டாவது குடுவை. இளஞ்சூட்டுத் தண்ணீரும் கிருமிநீக்கித் தூளும்தான் அதற்கு.

பழத்துக்குக் காசில்லை. ஓகஸ்ட் நடுவிலிருந்து ரோடிங் ஆற்றோரம் நடந்தால் முட்பற்றை முழுக்க பிளாக்பெரி. முதலில் எனக்குப் பயமாக இருந்தது, யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று. பிறகுதான் தெரிந்தது, 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது: தானாக வளர்ந்த காட்டுப் பழத்தை விற்பதற்காக இல்லாமல் பறித்தால் அது திருட்டு ஆகாது. செப்டெம்பர் 29, மிக்கேல் அதிதூதர் திருநாளுக்குப் பிறகு பறிக்கக்கூடாது, பிசாசு துப்பிவிடும் என்று இங்கத்தைய பழைய ஆட்கள் சொல்வார்கள். பிசாசோ மழையோ, அந்த நேரத்துக்குப் பழம் தண்ணியாகிப் பூஞ்சணம் பிடித்துவிடுவது உண்மைதான். நாய் நடக்கிற பாதை என்றால் முழங்காலுக்குக் கீழே பறிக்காதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

என் அளவு இது: 1.8 கிலோ பழம், ஒரு கிலோ சீனி, எல்லாம் சேர்த்து நான்கரை லீற்றருக்குத் தண்ணீர். மூடி போட்ட உணவுத்தர பிளாஸ்ரிக் வாளியில் பழத்தை மசித்து, தண்ணீரும் சீனியும் விட்டு, பழத்தில் உள்ள கிருமிகளை அடக்க ஒரு சல்பைட் மாத்திரை போட்டு 24 மணித்தியாலம் விட வேண்டும். வாளிக்குப் பதிலாக அலுமினியச் சட்டி எடுக்காதீர்கள், புளிப்பு அதை அரிக்கும். அடுத்த நாள், பழத்தில் இருக்கும் பெக்ரின் என்ற பசைப்பொருளைக் கரைக்கும் என்சைம் ஒரு தேக்கரண்டி, வைன் ஈஸ்ட் ஒரு பக்கற். பழத்தைக் கொதிக்க வைத்தால் பெக்ரின் இறங்கி வைன் கலங்கியே நிற்கும்; என்னுடைய முதல் வைன் அப்படித்தான், நாவல்பழச் சாறு மாதிரி. ஐந்து நாள் தினமும் கிளறி, துணியில் வடித்து, குடுவைக்கு மாற்றி, ஏர்லாக்கைச் சொருக வேண்டும். ஏர்லாக் என்பது தண்ணீர் நிற்கிற ஒரு வளைந்த குழாய். உள்ளே உண்டாகும் வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது.

வாளியை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான பிரச்சினை. எங்கள் வீட்டுக் குசினி குளிர்காலத்தில் 17 பாகையைத் தாண்டாது. பழைய லண்டன் வீடுகளில் சுடுநீர்த் தாங்கிக்கு ஒரு அலுமாரி இருக்கும், துவாய் காயப் போடுவார்களே, அது. எங்களுடையதில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 25 பாகை. அது ஏற்கெனவே எங்கள் தோசை மாவின் இடம். ஒரு சுண்டு உழுந்து, இரண்டு சுண்டு பச்சரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம் அரைத்து இரவு எட்டு மணிக்கு வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். குசினியில் வைத்தால் அடுத்த நாள் பின்னேரம் வரை முகத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும். ஆக, செப்டெம்பர் மாதத்தில் ஒரு வாரம் மேல்தட்டில் தோசை மாவு, கீழே வைன் வாளி. துவாய்களுக்கு அந்த வாரம் விடுமுறை.

மாமி ஊரிலிருந்து வந்து நின்ற வருடம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை இது, கசிப்பே காய்ச்சுறாய்?" என்று கேட்டார். காய்ச்சவில்லை மாமி, புளிக்கத்தான் வைத்திருக்கிறேன் என்றேன். இந்த வேறுபாடு முக்கியம். வீட்டுப் பாவனைக்குப் புளிக்க வைத்து வைன் எடுப்பதற்கு இங்கே அனுமதியும் வேண்டாம், வரியும் இல்லை, விற்கத்தான் கூடாது. காய்ச்சி வடிப்பது அனுமதி இல்லாமல் குற்றம், ஆபத்தும்கூட. மாமி கொஞ்ச நேரம் வாளியையே பார்த்தார். பிறகு, "அப்ப இது கள்ளு மாதிரித்தானே? ஒரு கோப்பை தா, அப்பத்துக்கு விட்டுப் பாப்பம்" என்றார்.

எனக்கு இந்த யோசனை வந்திருக்கவே இல்லை. ஊரில் அப்ப மாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைத்தது ஞாபகம் இருந்தும் வரவில்லை. மூன்றாம் நாள் வாளியில் ஈஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அரைக் கோப்பை எடுத்து அரிசி மாவில் கலந்தார். நாலு மணித்தியாலத்தில் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்தது. அப்பம் நடுவில் பஞ்சு மாதிரி, கரை மொறுமொறு, நிறம் மட்டும் கடும் ஊதா. பிள்ளைகள் தொடவே மாட்டோம் என்றார்கள், பிறகு ஆளுக்கு நாலு சாப்பிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் ஊதா அப்பம். 2020 வசந்தத்தில் கடைகளில் ஈஸ்டும் மாவும் காணாமல் போனபோது, மிச்சமிருந்த வைன் ஈஸ்ட் பக்கற்றில்தான் பாண் போட்டேன். மெதுவாக எழும்பியது, ஆனால் எழும்பியது.

சரி, பிழைத்த இரண்டு.

2019இல் ஏர்லாக்கில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தோம். வந்து பார்த்தால் குடுவையின் வாயில் பழ ஈக்கள், உள்ளே அருமையான வினாகிரி. ஊற்றிவிட மனமில்லை. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட் போட்டு அச்சாறு போட்டேன். ஆறு போத்தல் அச்சாறு, கிறிஸ்மஸ் அன்பளிப்பு முழுக்க அதில் முடிந்தது. வைனை விட அதற்குத்தான் இன்னமும் ஆட்கள் கேட்கிறார்கள்.

2021 கொஞ்சம் மோசம். ஹைட்ரோமீற்றர் (வைனில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளந்து, சீனி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிற கருவி) உடைந்திருந்தது, புதிது வாங்க 8 பவுண் கொடுக்க மனம் வரவில்லை. குமிழி நின்றுவிட்டதுதானே என்று ஜனவரியிலேயே போத்தலில் அடைத்துவிட்டேன். நின்றது குளிருக்கு; சீனி இன்னும் மிச்சம். ஏப்ரலில் வெயில் வர ஈஸ்ட் விழித்துக்கொண்டது. இரவு இரண்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் ஒரு தக்கை பறந்தது, பின்னால் இன்னொன்று. சுவரில் அந்த ஊதாக் கறை இன்னும் இருக்கிறது, இரண்டு தடவை பெயின்ற் அடித்தும் போகவில்லை. தக்கை போட்டதால் தப்பினோம். திருகுமூடி என்றால் போத்தலே வெடித்திருக்கும். பெயின்ற் செலவு 22 பவுண். ஆகவே ஹைட்ரோமீற்றர் இல்லாமல் இந்த வேலைக்கு வரவேண்டாம். தொடக்கத்தில் 1.090 அளவில் நிற்கும்; 0.995க்கு இறங்கி, ஒரு வாரம் விட்டுப் பார்த்தாலும் அதிலேயே நின்றால் முடிந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் அற்ககோல் அளவு வரும், சுமார் 12 வீதம்.

செலவுக் கணக்கு: தொடக்கத்தில் வாளி, குடுவை, ஏர்லாக், ஹைட்ரோமீற்றர், உறிஞ்சு குழாய் எல்லாம் சேர்த்து 25 பவுண் அளவில் போனது. அதன் பிறகு வருடத்துக்குச் சீனி, ஈஸ்ட், மாத்திரை என்று 5 பவுணுக்குள். ஆறு போத்தல் வரும், ஒன்றுக்கு ஒரு பவுணும் இல்லை. போத்தல்கள் நண்பர்கள் குடித்துவிட்டுத் தருவது. ரப்பர் தக்கையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், காய்ந்து வெடித்துவிடும். பிளாஸ்ரிக் ஏர்லாக் கீழே விழுந்து இரண்டு போய்விட்டது. கண்ணாடி ஏர்லாக் வாங்காதீர்கள், என் கைக்கு அது ஒரு வருடமும் தாங்காது.

பழ வைன் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளாக்பெரி நல்லதுதான், அதற்குப் பழத்தையே சாப்பிடலாம். இந்த நாட்டுச் சுகாதாரத் துறை வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது 10 மில்லிலீற்றர் சுத்த அற்ககோல்) மேல் வேண்டாம் என்கிறது. இந்த வைன் ஒரு போத்தலிலேயே ஒன்பதுக்கு மேல். ஆறு போத்தல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருடம் காணும். உடம்புக்கு நல்லதாக அந்த அலுமாரி எங்களுக்குத் தருவது மேல்தட்டுத் தோசை மாவுதான். அது வந்த பிறகு கடைப் பக்கற் மாவு வாங்கியதே இல்லை.

சுவை எப்படி என்று கேட்பீர்கள். ஆறு மாதத்தில் குடித்தால் நாக்கு இழுக்கும். ஒரு வருடம் விட்டால் கடையில் 7 பவுண் கொடுத்து வாங்குகிற சிவப்பு வைனுக்குக் குறையாது. இரண்டு வருடம் விட்டுப் பார்க்க ஆசை. என் கணவர் விட்டால்தானே.

இந்த வருட வாளி நேற்று அலுமாரிக்குள் போனது. மாமி காலையிலேயே தொலைபேசியில், "மூண்டாம் நாள் எண்டைக்குப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிறது. அரிசி ஊறப் போட வேண்டும்.