எச்.எஸ்.எஸ் முத்திரையோடு வரும் கார்பன் ஸ்டீல் டேப் செட்: உஷார்

துளைக்குள் மரை வெட்டும் கருவிதான் டேப். பெட்டியிலும் எச்.எஸ்.எஸ் (சூட்டிலும் கடினம் குறையாத ஹைஸ்பீட் ஸ்டீல்), ஷாங்கிலும் (டேப்பின் பிடித்தண்டு) எச்.எஸ்.எஸ். மூன்று டேப்பை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் எம்8 (8 மி.மீ. மரை) சீரியல் செட், பிட்ச் (மரைக்கு மரை தூரம்) 1.25 மி.மீ. 12 மி.மீ. மைல்ட் ஸ்டீல் பிளேட், 6.8 மி.மீ. துளை, கட்டிங் ஆயில், கையால்தான் மரை போட்டது. மூன்றாவது துளையிலேயே முதல் டேப் முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டது. புகாருக்கு விற்றவர் தந்த பதில்: "சாய்ச்சுப் பிடிச்சிருப்பீங்க." பணம் திரும்பவில்லை.

சாய்ந்தால் டேப் முறியும், வாஸ்தவம். ஆனால் இங்கே முறிந்த முகத்தைப் பார்த்தாலே கதை தெரிந்தது: சர்க்கரை போலக் கரடுமுரடாக மின்னும் மணிகள். கடினப்படுத்தும்போது சூடு மிஞ்சிப்போனதற்கான அடையாளம் அது. துண்டைக் கிரைண்டரில் லேசாகத் தொட்டால் வெளிர்மஞ்சள் பொறி, கம்பி மத்தாப்பு மாதிரி கிளைகிளையாக வெடித்தது. பக்கத்திலேயே ஒரு நல்ல எச்.எஸ்.எஸ் டிரில் பிட்டைத் தொட்டுப் பார்த்தால் மங்கலான சிவப்புக் கோடுகள்தான், வெடிப்பு அபூர்வம். இரண்டையும் ஒரே வீடியோவில் எடுத்து வைத்துக்கொண்டால் வாக்குவாதத்துக்கு உதவும்.

கார்பன் ஸ்டீல் டேப் என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை. கையால் மெதுவாகத் திருப்பும் வேலையில் சூடு ஏறாது. சரியாக டெம்பர் செய்திருந்தால் (கடினப்படுத்தியபின் அளவாகச் சூடாக்கி, முறியும் தன்மையைக் குறைப்பது) நன்றாகவே உழைக்கும். கோபம், எச்.எஸ்.எஸ் என்று பொய் முத்திரை குத்தியதில்தான்.

இரண்டாவது மோசடி கண்ணுக்கே தெரியாது. சீரியல் செட்டில் முதல் டேப்புக்கு ஷாங்கில் ஒரு வளையக் கோடு, இரண்டாவதற்கு இரண்டு, கடைசிக்கு வளையமே இருக்காது. முதல் இரண்டும் விட்டத்தில் குறைவு. உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்றும் பங்கிட்டு எடுக்கும். இந்தச் செட்டில் வளையம் மட்டும் ஒழுங்காக இருந்தது, மூன்றும் ஒரே விட்டம்! முழு ஆழமும் முதல் டேப் தலையில் விழுந்தது. (மூன்றும் ஒரே விட்டமாக, முனைச் சரிவு மட்டும் மாறும் செட்டும் உண்டு. அதை அப்படியே சொல்லி விற்றால் குற்றமில்லை.)

மூன்று புளூட் (நீளவாட்டுப் பள்ளம்) டேப்பில், விட்டம் அளக்கும் வெர்னியர் எதிரெதிரே உட்காராது. அதனால் ஒரு நல்ல எம்8 நட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முனைச் சரிவைத் தாண்டிய மரையில் ஏற்றினால், ஒரு வளைய டேப்பில் நட் தெளிவாக ஆட வேண்டும். மூன்றிலும் ஒரே பிடி பிடித்தால் அது சீரியல் செட் இல்லை. கூடவே 1.25 மரை கேஜை (பிட்ச் சரிபார்க்கும் பல் தகடு) வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், இடைவெளி தெரியக்கூடாது.

டேப் துளைக்குள் முறிந்துவிட்டால் கார்பன் ஸ்டீலில் ஒரே ஒரு ஆறுதல்: வேலைத்துண்டு சூடு தாங்கும் என்றால் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டு, நடுவில் டிரில் போட்டு எடுத்துவிடலாம். அசல் எச்.எஸ்.எஸ் இதற்கு மசியாது. காற்றில் ஆறினாலே திரும்பக் கடினமாகிவிடும்.