பாய்மரக் கப்பல் மாதிரி: மரம், பசை, நூல் – ஐந்தாண்டு கழித்து எது நிற்கிறது?

கட்டி முடித்த அன்று எல்லாக் கப்பல் மாதிரிகளும் அழகாகத்தான் இருக்கும். மெருகு புதிது, கயிறு விறைப்பு, பித்தளை கறுப்பு. ஈரமும் வறட்சியும் நாலைந்து சுற்று வந்து போன பிறகுதான் வேலையின் தரம் தெரியும். தளப் பலகைகளுக்கிடையே மயிரிழை விரிசல், தொய்ந்த கயிறு, ஈயப் பீரங்கியின் மேல் வெள்ளைப் பொடி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஆகவே கிட் (ஆயத்தத் துண்டுகள் அடங்கிய பெட்டி) வாங்காமல் மரக்கட்டையிலிருந்தே கட்டுகிற மாதிரிகளில் எது காலத்தைத் தாங்குகிறது, எது கைவிடுகிறது என்பதைத்தான் இங்கே பேசுகிறோம். அளவுகள் 1:48 விகிதத்துக்கு. வேறு விகிதம் என்றால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் விகிதம். 1:48ல் ஓர் அடி 6.35 மி.மீ.; 1:64ல் 4.76, 1:96ல் 3.2க்குச் சற்றுக் குறைவு. பெரிய விகிதத்தில் இணைப்புகளையெல்லாம் உண்மையாகவே செய்யலாம், கையும் கண்ணும் தாங்கும். ஆனால் 1765ல் நீரில் இறங்கிய விக்டரி போன்ற போர்க்கப்பலின் பீரங்கித் தளம் மட்டும் 186 அடி. 1:48ல் அதுவே 1.18 மீட்டர். முன்னால் நீளும் கட்டையையும் சேர்த்தால் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அதற்கேற்ற கண்ணாடிப் பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமல் ஏராவை, அதாவது கப்பலின் அடிமரத்தை, வெட்டாதீர்கள். முதல் முயற்சி என்றால் ஒற்றைப் பாய்மரக் கப்பலோ, ஒரு பெரிய கப்பலின் நடுப்பகுதி வெட்டுத்தோற்றமோ போதும். எல்லா வேலையும் அதிலேயே வந்துவிடும், ஆயிரக்கணக்கான மணி நேரம் கேட்காது.

மரத்துக்கு வருவோம். அசல் கப்பல் ஓக்கில் கட்டியது என்பதற்காக மாதிரிக்கும் ஓக் வாங்குகிறவர்கள் உண்டு. தவறு. ஓக்கின் நுண்துளைகள் சிறிய உருவில் கால்வாய் போலத் தெரியும். போதாக்குறைக்கு அது வெளிவிடும் அமிலம் மூடிய பெட்டிக்குள் ஈயத்தை அரிக்கும். வால்நட்டின் நிறம் நன்று, ஆனால் துளைகள் பெரிது. 1:48ஐவிடச் சிறிய உருவில் அது எடுபடாது. பாக்ஸ்வுட்டும் பேரி மரமும்தான் நீண்ட நாள் சோதனையில் தேறியவை. ரேகை நெருக்கம், கூரான விளிம்பு உடையாமல் நிற்கும், 0.8 மி.மீ. துளை போட்டாலும் பிளக்காது. இருநூறு, முந்நூறு ஆண்டுப் பழைய கடற்படை மாதிரிகள் பலவற்றில் இந்த இரண்டு மரங்களைத்தான் பார்க்கிறோம். பாஸ்வுட் மலிவு, வளைக்கச் சுலபம். ஆனால் விரல்நகம் பட்டாலே பள்ளம் விழும், உப்புத்தாள் போட்டால் பஞ்சு எழும். வண்ணம் பூசப்போகும் பகுதிக்கு மட்டும் சரி. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் ஓரிரு ஆண்டில் பலகை முனை எழும்பும்.

இயற்கை நிறத்தை நம்பி வண்ணமே பூசாமல் விடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படாக் மரத்தின் சிவப்பு சில ஆண்டுகளில் பழுப்பாகிவிடும். ஊதா மரமும் அப்படியே. செர்ரி கருத்துக்கொண்டே போகும். அது பலருக்குப் பிடிக்கிறது. சிவப்பு சிவப்பாகவே இருக்க வேண்டுமென்றால் வண்ணம்தான் பூச வேண்டும். கருங்காலியின் கறுப்பு நிலைக்கும், ஆனால் அதைத் தேய்க்கும்போது வரும் தூள் பக்கத்திலுள்ள வெளிர் மரத்தின் நுண்துளைகளில் இறங்கிக் கறை பிடிக்கும். அந்தத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. கருங்காலித் துண்டுகளைத் தனியாக முடித்துவிட்டுப் பொருத்துங்கள், தேய்ப்பதற்குப் பதில் கத்தி விளிம்பால் சுரண்டி முடியுங்கள்.

எவ்வளவு மரம் வாங்குவது என்பதில் எல்லோரும் முதல் தடவை ஏமாறுவார்கள். 1.5 மி.மீ. பலகையை 1 மி.மீ. வாய் எடுக்கும் ரம்பத்தில் அறுத்தால் ஐந்தில் இரண்டு பங்கு தூளாகிறது. 0.5 மி.மீ. தகட்டு ரம்பம் போட்டால் கால் பங்கு. வங்குகளை, அதாவது கப்பலின் விலாச் சட்டங்களை, வளைவாக வெட்டும்போது வீணாவது இதைவிட அதிகம்.

வரைபடத்தை நகலெடுத்தால் நீளமும் அகலமும் ஒரே அளவில் மாறுவதில்லை. நகலின் இரு திசைகளிலும் அளவுகோட்டை வைத்துச் சரிபார்க்காமல் ஒன்றையும் வெட்டக் கூடாது. ஒரு சதவிகிதப் பிழை ஒரு மீட்டரில் 10 மி.மீ. ஆகிவிடும், கடைசி வங்கு ஏராவில் இடமில்லாமல் நிற்கும். பெரும்பாலான பழைய கப்பல் வரைபடங்கள் வங்கின் வெளிமுகத்தைத்தான் காட்டுகின்றன, வெளிப்பலகையின் கனம் அதில் சேர்வதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

வங்கு இரண்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் நாலைந்து துண்டு. ஓர் அடுக்கின் இணைப்பு மறு அடுக்கின் துண்டுக்கு நடுவே வர வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மரநார் வளைவோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் தேய்க்கும்போதே உடையும், உடையாவிட்டால் பிற்பாடு சுருங்கி வளைவு மாறும். காகித வார்ப்புருவை ஒட்ட நீர் கலந்த பசை வேண்டாம், மரத்தை ஊற வைக்கும். உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பசை ஏற்றது. சாய்வுப் பகுதியில் அரை மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, எல்லா வங்கும் ஏராவில் நின்ற பிறகு தேய்த்துச் சமப்படுத்துங்கள். முதலில் 80, பிறகு 120, 220 எண் உப்புத்தாள், வளையும் பட்டையில் ஒட்டியது. கட்டையில் சுற்றிய உப்புத்தாள் வங்குகளுக்கிடையே பள்ளம் தோண்டும். வளைவு சரியா என்று கண் சொல்வதை நம்பாதீர்கள். ஒரு மெல்லிய பட்டியைக் குறைந்தது ஐந்து வங்கின் மேல் கிடத்திப் பாருங்கள். எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே வங்கு தாழ்ந்திருக்கிறது, எங்கே பட்டி முறுக்கிக்கொள்கிறதோ அங்கே தூக்கியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் ஒரு வாரம் அவசரப்பட்டால் பலகை அடிக்கும்போது மூன்று மாதம் அழ வேண்டி வரும்.

பலகை அடிப்பதுதான் பலரும் தடுமாறும் இடம். எல்லா வரிசையும் ஒரே அகலத்தில் முனை வரை ஓடும் என்று நினைத்துத் தொடங்குவதே காரணம். நடுவங்கின் சுற்றளவைக் காகிதப் பட்டையால் அளந்து, பலகை அகலத்தால் வகுத்தால் வரிசை எண்ணிக்கை கிடைக்கும். அதே எண்ணிக்கையை முன்னும் பின்னும் உள்ள வங்குகளின் சுற்றளவில் சமமாகப் பிரித்துக் குறியுங்கள். அணியத்தில், அதாவது முன்முனையில், ஒரு பலகை பாதி அகலத்துக்குக் கீழே குறுகுவதாக இருந்தால் இரண்டு வரிசையை ஒன்றாக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி முனை போன்ற கூர்நுனி வரும். அசல் கப்பலில் அதில் ஆணி நிற்காது, மாதிரியிலும் சிலும்பிவிடும்.

நேர்ப்பட்டையைப் பக்கவாட்டில் நெரித்து ஒட்டினால் ஒரு விளிம்பு எழும்பி, பலகை மேல் பலகை ஏறியதுபோலத் தெரியும். பரந்த பலகையிலிருந்து அந்த வளைவையே வெட்டி எடுப்பது நேர்மையான வழி. மரம் கூடுதலாகப் போகும், ஆனால் உள்ளே இழுவிசை மிஞ்சாது. வளைக்கும்போது வேலை செய்வது வெப்பம்தான். நீர் வெப்பத்தை உள்ளே கொண்டுபோகிறது, அவ்வளவே. 1.5 மி.மீ. பட்டைக்கு 20 நிமிடம் ஊறினால் ஏராளம். வளைத்த பிறகு இடத்தில் கிளாம்ப் போட்டு ஒரு முழு நாள் உலர விட்டுத்தான் பசை போட வேண்டும். ஈரப் பலகை அகலத்தில் உப்பியிருக்கும். அப்படியே ஒட்டினால் உலர்ந்ததும் சுருங்கி, ஒவ்வொரு மூட்டிலும் காகிதம் நுழையும் இடைவெளி விடும். மரம் நீளத்தில் ஏறக்குறைய அசையாது, அகலத்தில்தான் அசையும். தளத்தில் திறக்கும் விரிசல்களில் பெரும்பாலானவை இந்தக் காரணத்தால் வந்தவையே.

ஒரே வங்கின் மேல் இரண்டு பலகை முனைகள் வந்தால் நடுவே மூன்று வரிசையாவது இருக்கட்டும். தளப் பலகைகளுக்கிடையே கீல் (இடுக்கை அடைக்கும் தார்) கோடு காட்டக் கறுப்பு மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம். மை நாரோடு பரவும், மெருகிலுள்ள ஆல்கஹால் பட்டதும் தளம் முழுக்க ஓடும். மென்பென்சிலை ஒரு விளிம்பில் மட்டும் தேய்த்தால் போதும்.

மர ஆணிக்கு மூங்கிலை மிஞ்ச ஒன்றில்லை. ஒன்றரை அங்குல ஆணி 1:48ல் 0.8 மி.மீ. கணு இல்லாத துண்டைப் பிளந்து, கம்பி இழுக்கும் துளைத்தட்டில் 1.2 மி.மீ. துளையில் தொடங்கிப் படிப்படியாக இறக்குங்கள். கம்பி நுழைக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நுழைக்க வேண்டும். துளையின் கூர்விளிம்பு மூங்கிலைச் சீவ வேண்டுமே தவிர நசுக்கக் கூடாது. பல்குத்தும் குச்சி இழுப்பில் முறியும். 60 வங்கு, பக்கத்துக்கு 25 வரிசை, ஒவ்வொரு சந்திப்பிலும் 2 ஆணி என்றால் இரு பக்கமும் சேர்த்து 6,000 ஆணி. ஆயினும் இது வெறும் அலங்காரம் இல்லை. பசை விட்டுப்போன பலகையையும் ஆணிதான் பிடித்து வைத்திருக்கிறது.

பசையில் முடிவு தெளிவு: மரத்துக்கு மரம் மஞ்சள் மரப்பசை. தவறாக ஒட்டினால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஊற்றிக் கழற்றலாம். உலோகத்துக்கு எபாக்சி. சூப்பர் குளூவை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கப்பலின் உயிர் அதில் தொங்கக் கூடாது. இறுகினால் நொறுங்கும் தன்மை அதற்கு. மரம் அசையும்போது கூடவே அசையாது. வெளியே கசிந்த இடத்தில் மெருகு ஏறாது, வெள்ளைப் பூவும் பூக்கும்.

பித்தளைக் கறுப்பாக்கலில் உரியும் பூச்சு பெரிய புகார். மூல காரணம் சுத்தமின்மை, அடுத்தது கரைசலின் வீரியம். அசிட்டோனில் கழுவி, சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, கறுப்பாக்கும் கரைசலை ஐந்து மடங்கு நீர் சேர்த்து மெதுவாக ஏற்றினால் பிடிக்கும். வீரியமாகப் போட்டால் கரிபோல் உதிரும். பற்றவைக்கும்போது தடவிய பிளக்ஸ் (பற்று ஒட்ட உதவும் பசை) மிச்சம் இருந்தால் ஒரு வருடத்தில் பச்சை பூக்கும், பக்கத்து நூலையும் கறைப்படுத்தும். கயிற்றின் இழுவை தாங்கும் சங்கிலித் தகடுகளுக்கு வெள்ளிப் பற்று. ஈயப் பற்று நாளடைவில் விட்டுவிடும்.

கயிற்று வேலையில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று. பழைய ஆவணங்களில் கயிற்றின் அளவு விட்டம் இல்லை, சுற்றளவு. 8 அங்குல ஷ்ரவுட் (பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறு) என்றால் விட்டம் 2.55 அங்குலம், 1:48ல் 1.35 மி.மீ. 18 அங்குல நங்கூர ஆலாத்து (தடித்த வடம்) 3 மி.மீ. இதை விட்டமாக எடுத்துக்கொண்ட மாதிரிகளில் பாய்மரத்தைச் சுற்றி மலைப்பாம்பு தொங்கும்.

நூலைப் பொறுத்தவரை எங்கள் தேர்வு பாலியெஸ்டர். பளபளப்பு ஒரு குறை. முறுக்கிக் கயிறாக்கினால் பாதி அடங்கும். பருத்தியும் லினனும் கண்ணுக்கு இதம், ஆனால் ஈரத்தில் இறுகி, வறட்சியில் தொய்யும். ஈரப்பதம் ஏறி இறங்கும் அறையில் பாய்மர நுனியே அசைவதைப் பார்க்கலாம். நைலான் நீளும், வெயில் பட்டால் நலிந்தும் போகும். சொந்தமாகக் கயிறு முறுக்கும்போது இழைகளை நூலின் சொந்த முறுக்குத் திசையிலேயே முறுக்கி, மூன்றையும் எதிர்த்திசையில் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் நூல் பிரிந்து கயிறு சொதசொதவென்று ஆகும். நீளத்தில் கால் பங்குக்குமேல் குறையும் என்று எண்ணி நூல் எடுங்கள்.

ஷ்ரவுட்களை இணை இணையாக, வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பாய்மரம் சாய்ந்துவிடும், பிறகு எத்தனை இழுத்தாலும் நேராகாது. ஏறும் படிக் கயிறுகள் 13 முதல் 15 அங்குல இடைவெளி, அதாவது 7 முதல் 8 மி.மீ. கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்து முடியுங்கள். ஐந்து படிக்கு ஒரு தடவை வெளிப்புற ஷ்ரவுட்களின் மேல் அளவுகோல் வைத்துப் பாருங்கள். முடிச்சு கொஞ்சம் இறுகினாலும் இரண்டும் உள்ளே இழுபட்டு உடுக்கை இடுப்பு போலாகும். முடிச்சில் சூப்பர் குளூ வைத்தால் நூல் கறுத்து விறைத்து, பசை முடியும் விளிம்பில் பிற்காலத்தில் அறும். பாதிக்குப் பாதி நீர் கலந்த வெள்ளைப் பசை போதும். தேன்மெழுகு நூலின் பிசிறை அடக்கும், ஆனால் தூசியையும் பிடித்து வைக்கும்.

மெருகுக்கு மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்கு மெருகு), மெலிதாக மூன்று கை. பிற்பாடு பழுது பார்க்க வேண்டியிருந்தால் ஆல்கஹாலில் கரையும் என்பதே அதன் பெரிய பலம். ஆளிவிதை எண்ணெய் நாளாக நாளாக மஞ்சளாகும். வெளிர் மரத்தில் அது பளிச்சென்று தெரியும்.

பெட்டி இல்லாத மாதிரியின் ஆயுள் குறைவு. கயிறுகளுக்கிடையே படிந்த தூசியை முழுதாக எடுக்கவே முடியாது. மென்தூரிகையும் ஊதுகுழலும் கொஞ்சம் உதவும். பிடிவாதமான கறைக்கு, சிரிக்காதீர்கள், பஞ்சில் தொட்ட எச்சில்தான் பாதுகாப்பு வல்லுநர்களே பயன்படுத்துவது. பெட்டியின் அடித்தளத்துக்கு ஓக்கும் எம்டிஎப் (மரநாரைப் பசையோடு அழுத்திய) பலகையும் கூடாது, புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் பசையும் கூடாது. மூடிய பெட்டியில் தேங்கும் அந்த அமில ஆவிதான் ஈயப் பீரங்கிகளை வெள்ளைப் பொடியாக்குகிறது. அடித்தளத்தில் எதிரெதிர் மூலைகளில் நாலைந்து துளை போட்டு, தூசி நுழையாதபடி உள்ளிருந்து மெல்லிய துணி ஒட்டிவிடுங்கள்.